செத்துப்போன லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்: 143 ஒலிப்பதிவுகளைத் தேடி எடுத்த கதை

பின்னணி

2023 ஜூலையில் பாளையங்கோட்டையில் எங்கள் சர்வீஸ் கடைக்கு வந்த வேலை இது. வந்தவர் நாட்டுப்புறப் பாடல்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவி, கூடவே அவர் தம்பி. ஒரு லேப்டாப் கொண்டுவந்திருந்தார்கள், அதிலிருந்து கழற்றிய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றித் தனியாக ஒரு துணிப்பையில் வைத்திருந்தார்கள்.

அந்த டிஸ்க்கில் இருந்தது நான்கு வருடக் களப்பணி. தாமிரபரணிக் கரை ஊர்களில் வயதான பெண்களைப் பாடச் சொல்லிப் பதிவுசெய்த நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. அவருடைய நோட்டுக் கணக்குப்படி மொத்தம் 143 பதிவுகள், ஏறக்குறைய 71 மணி நேரம். பாடியவர்களில் மூன்று பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். ஆய்வேட்டின் இயல்கள் நெறியாளருக்கு அனுப்பிய மெயிலிலேயே கிடந்ததால் அதைப் பற்றிக் கவலை இல்லை. பதிவுகளுக்குத்தான் வேறு நகலே கிடையாது.

"அண்ணே, மத்ததெல்லாம் போனாக்கூடப் பரவாயில்ல, பாட்டிமாரு குரல் மட்டும் கிடைச்சாப் போதும்" என்றார். எதை முதலில் தேடுவது, எதற்காக நேரம் செலவழிப்பது என்ற கேள்வி வந்த இடத்திலெல்லாம் பிறகு இந்த ஒரு வரிதான் வழிகாட்டியது.

கடைக்கு வருவதற்கு முன்

நடந்ததை அவர்கள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் பாதிக் காரணம் இதில்தான் இருக்கிறது.

ஒரு மாதமாகவே லேப்டாப் மெதுவாகிக்கொண்டு வந்திருக்கிறது. ஆன் செய்தால் விண்டோஸ் வந்து சேர இருபது நிமிடம். பதிவுகள் இருந்த ஃபோல்டரைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். ஏழு வருடப் பழைய மெஷின், அதனால்தான் இப்படி என்று விட்டுவிட்டார். அப்புறம் ஒருநாள் ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது, காலையில் லேப்டாப் ஆன் ஆகவில்லை. பவர் லைட் ஒரு தடவை மின்னி அணைகிறது, அவ்வளவுதான். வேறொரு கடையில் காட்டியபோது போர்டு போய்விட்டது, மாற்ற ஒன்பதாயிரம் ஆகும் என்றிருக்கிறார்கள். டேட்டா மட்டும் வேண்டுமென்றால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு கேஸில் போட்டு எடுத்துக்கொள்ளலாம், டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். இந்த வாக்கியத்தை நானும் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். இந்த வேலையில் அது உண்மையில்லை.

தம்பி கடையில் ஒரு யுஎஸ்பி கேபிள் வாங்கிவந்து, டிஸ்க்கை நண்பனுடைய லேப்டாப்பில் மாட்டியிருக்கிறார். ஃபோல்டர்கள் தெரிந்தன. பதிவுகளைக் காப்பி செய்யப் போனபோது பாதியில் நின்றது. பிடுங்கித் திரும்ப மாட்டியதும் இந்த டிரைவில் சிக்கல் இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யவா என்று விண்டோஸ் கேட்டிருக்கிறது. யாராக இருந்தாலும் சரி என்றுதான் அழுத்துவார்கள், அவரும் அழுத்தினார். நாற்பது நிமிடம் ஓடி, நகராமல் நின்றது. கேபிளைப் பிடுங்கினார். மறுபடி மாட்டியபோது பதிவுகள் ஃபோல்டரில் பாதிக் கோப்புகளைக் காணோம். இன்னொரு தடவை மாட்டியபோது டிஸ்க்கையே திறக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று செய்தி வந்தது.

அந்த இடத்தில் ஃபார்மேட்டை அழுத்தாமல் கேபிளைக் கழற்றிவிட்டார். தன்னால்தான் எல்லாம் போய்விட்டது என்று கடையில் நின்ற நேரம் முழுவதும் அந்தப் பையன் தலை நிமிரவே இல்லை. ஃபார்மேட்டை அழுத்தாமல் விட்டாயே தம்பி, அது பெரிய விஷயம் என்று அவரிடம் சொன்னேன், அதை மனதார நம்பியே சொன்னேன்.

முதல் நாள் பார்த்தது

லேப்டாப்பை ஓரமாக வைத்துவிட்டோம். லேப்டாப் எப்போது வேண்டுமானாலும் சரியாகும், அதற்கு அவசரமில்லை.

முதலில் காது. டிஸ்க்கை மேசைக் கம்ப்யூட்டரின் பவர் கேபிளில் மட்டும் மாட்டி, டேட்டா கேபிள் இல்லாமல் ஆன் செய்தேன். சீராகச் சுழன்றது. டிக் டிக் என்று அடிக்கும் சத்தம் இல்லை. அந்தச் சத்தம் வந்திருந்தால் ஹெட், அதாவது சுழலும் தட்டைப் படிக்கும் முனை, தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறுகிறது என்று அர்த்தம், அதோடு அணைத்துவிட்டுத் தூசியில்லா அறை வைத்திருக்கும் லேபுக்குத்தான் அனுப்பியிருப்பேன். எங்களை மாதிரிக் கடைகளில் டிஸ்க்கைத் திறக்கவே கூடாது. தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இடைவெளி சில நானோமீட்டர்தான், ஒரு தூசி உள்ளே போனாலே தட்டில் கோடு விழுந்துவிடும். யாரோ சொன்னார்கள் என்று ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்க்கலாமா என்றும் தம்பி கேட்டார். வெளியே எடுத்தவுடன் உள்ளே ஈரம் படியும், வேண்டவே வேண்டாம் என்றேன்.

அடுத்த கேள்வி, டிஸ்க் பூட்டப்பட்டதா என்பது. விண்டோஸில் பிட்லாக்கர் போட்டிருந்தால் டிஸ்க்கை எந்த மெஷினில் மாட்டினாலும் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் உள்ளே ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியாது. நிறையப் பேருக்குத் தங்கள் லேப்டாப்பில் அது போட்டிருப்பதே தெரியாது, சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடக்கும். இதில் பூட்டு இல்லை. தம்பி முதல் தடவை மாட்டியபோது ஃபோல்டர்கள் தெரிந்தன என்று சொன்னதே போதுமான சாட்சி.

அடுத்து, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகள். விண்டோஸில் மாட்டாமல், பென்டிரைவிலிருந்து லினக்ஸ் ஏற்றி, டிஸ்க் தானாகத் திறந்து இணையாதபடி (மவுன்ட் ஆகாதபடி) நிறுத்திவிட்டுப் பார்த்தேன். டிஸ்க் டேட்டாவை எழுதி வைக்கும் சின்னச் சின்னக் கட்டங்கள்தான் செக்டர்கள். 5 ஆம் எண், அதாவது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், 296. 197 ஆம் எண், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், 1,528. 198 அதை ஒட்டியே இருந்தது. 199, கேபிள் வழியில் வரும் பிழை, பூஜ்யம்.

இந்த நான்கு எண்ணும் போதும். 199 ஏறியிருந்தால் கேபிளைச் சந்தேகித்திருக்கலாம். அது பூஜ்யமாக இருந்து 197 ஆயிரத்தைத் தாண்டியிருக்கிறது என்றால் டிஸ்க்கின் தட்டே கெட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு மாதமாக லேப்டாப் மெதுவானதும் இதனால்தான். போர்டு போனதும் டிஸ்க் கெட்டதும் இரண்டு தனித்தனி நோய். போர்டு திடீரென்று செத்ததால், அதற்கு முன்னாலேயே டிஸ்க் கொடுத்துக்கொண்டிருந்த எச்சரிக்கை எல்லார் கண்ணிலிருந்தும் மறைந்துவிட்டது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதல் முடிவு, இந்த டிஸ்க்கில் இனி ஒரு பைட்கூட எழுதக்கூடாது. காத்திருக்கும் செக்டர் என்பது ஒரு விசித்திரமான நிலை. அதைப் படிக்க முடியவில்லை, ஆனால் விடாமல் முயன்றால் ஒருவேளை படிக்க முடியலாம், அதனால் டிஸ்க் அதைக் கைவிடாமல் வைத்திருக்கிறது. அந்த இடத்தில் யாராவது புதிதாக எழுதிவிட்டால் பழையது தேவையில்லை என்று டிஸ்க் எடுத்துக்கொண்டு அதன் மேலேயே எழுதிவிடும், அல்லது வேறு இடம் ஒதுக்கிவிடும், பழைய செக்டரில் இருந்தது போனது போனதுதான். சரிசெய்கிறேன் என்று விண்டோஸ் செய்வது டிஸ்க்கில் எழுதும் வேலை. தம்பி அழுத்திய அந்த ஒரு பட்டன் கோப்புகளைக் காணாமல் ஆக்கியதும் இப்படித்தான்: படிக்க முடியாத இடத்தில் இருந்த பட்டியல்களைத் தவறானவை என்று முடிவுகட்டி, அவற்றைச் சேர்ந்த கோப்புகளை வேறெங்கோ தள்ளிவிட்டது.

இரண்டாவது, எந்த மீட்பு மென்பொருளையும் இந்த டிஸ்க்கில் நேரடியாக ஓட்டக்கூடாது. முதலில் டிஸ்க் முழுவதையும், முதல் செக்டரிலிருந்து கடைசிவரை, ஒரே கோப்பாக இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும். தேடல் எல்லாம் நகலில்தான். மீட்பு மென்பொருள்கள் டிஸ்க்கை மணிக்கணக்கில் முன்னும் பின்னும் அலசும், சாகப்போகிற டிஸ்க்குக்கு அந்த அலைச்சலே போதும். அது உயிரோடு இருக்கப்போகிற மணிநேரம் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. இருக்கிற நேரத்தை நகலுக்கு மட்டும் செலவழிக்க வேண்டும்.

மூன்றாவது முடிவில் கொஞ்சம் யோசித்தோம். விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும் அந்த 1 டிபியில் ஏறக்குறைய 400 ஜிபிதான் பயன்பாட்டில் இருந்ததாக மாணவி சொன்னார். பயன்பாட்டில் உள்ள இடத்தை மட்டும் நகலெடுக்கும் வழி உண்டு, நேரம் பாதியாகும், டிஸ்க்குக்கும் சுமை குறைவு. ஆனால் எது பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்வது டிஸ்க்கிலேயே உள்ள ஒரு வரைபடம், அதை விண்டோஸின் சரிசெய்யும் வேலை ஏற்கெனவே தொட்டிருக்கிறது. காணாமல் போன பதிவுகள் இருந்த இடத்தை அது காலி இடம் என்று குறித்திருந்தால், நமக்கு எது வேண்டுமோ அதையே விட்டுவிட்டு நகலெடுப்போம். ஆகவே முழு டிஸ்க்.

நான்காவது, யுஎஸ்பி வேண்டாம், மேசைக் கம்ப்யூட்டரின் போர்டிலேயே நேரடியாக மாட்டும் சாட்டா இணைப்பு. லேப்டாப் டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் 1 ஆம்பியரை ஒட்டி இழுக்கும், பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் கணக்குப்படி கொடுப்பது அரை ஆம்பியர். நல்ல டிஸ்க்கே இதில் திணறும். அதோடு, படிக்க முடியாத செக்டர் வந்தால் மலிவான யுஎஸ்பி கேபிள்களில் உள்ள சிப் மொத்த இணைப்பையும் அறுத்துவிட்டுத் திரும்பத் தொடங்கும். தம்பிக்குப் பாதியில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

லேபுக்கு அனுப்புவதைப் பற்றியும் பேசினோம். விசாரித்ததில் முப்பதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். உதவித்தொகை ஆறு மாதமாக வரவில்லை என்றார் மாணவி. நான் அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன்: நான் முயலும்போதே டிஸ்க் செத்துப்போகலாம், அப்புறம் லேபுக்கு அனுப்பினால் அவர்கள் வேலையும் கடினமாகும், செலவும் கூடும். இரண்டு நிபந்தனை வைத்துக்கொண்டோம். புதுச் சத்தம் ஏதாவது கேட்டால் அந்த நொடியே நிறுத்துவது, 24 மணி நேரம் ஓடியும் 10 எம்பிகூடப் புதிதாகக் கிடைக்கவில்லை என்றால் நிறுத்துவது. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

நகல் எடுத்த ஏழு நாள்

2 டிபி புது டிஸ்க் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். பயன்படுத்தியது குனு டிடிரெஸ்க்யூ, இலவச மென்பொருள். அது வேலை செய்யும் விதம் நல்ல மருத்துவச்சியின் பொறுமை மாதிரி. முதலில் சுலபமாகப் படிக்க முடிகிற இடங்களை எல்லாம் வாரி எடுத்துக்கொள்ளும், தடங்கல் வந்தால் அங்கேயே மல்லுக்கட்டாமல் தாண்டிப் போய்விடும், அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து அதே இடத்தை அணுகிப் பார்க்கும். எது கிடைத்தது, எது பாக்கி என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனாலும், டிஸ்க் மயங்கினாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த வரைபடக் கோப்பு இல்லாமல் இதை ஓட்டுவதில் அர்த்தமே இல்லை.

நல்ல 1 டிபி லேப்டாப் டிஸ்க்கை நகலெடுக்க மூன்றிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். இதற்கு முதல் சுற்றுக்கே ஒன்பது மணி நேரம் ஆனது. நொடிக்கு 90 எம்பி என்று ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று சில கேபிக்கு விழும், கிர் என்று ஒரு சின்னச் சத்தம், மறுபடி எழும். ராத்திரி கடையைச் சாத்தும்போது பாக்கி 31 ஜிபி. மூன்று சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் பதிவுகள் எல்லாம் சேர்ந்தே 45 ஜிபிதான், கெட்ட இடமும் பதிவுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும்.

இரண்டாம் நாளிலிருந்து பாக்கி மெல்ல மெல்லக் குறைந்தது. 31 ஜிபி, 12, 4. கெட்ட இடங்களின் ஓரங்களைச் செதுக்கும் சுற்று முடிந்தபோது 640 எம்பி. டிஸ்க்கின் சூடு 48 டிகிரிக்குப் போனதால் பக்கத்தில் ஒரு மேசை ஃபேனைத் திருப்பி வைத்தேன், 39க்கு இறங்கியது. கரண்ட் இரண்டு தடவை போனது, யுபிஎஸ் தாங்கியது.

நான்காம் நாள் மதியம் டிஸ்க் காணாமல் போனது. சுழல்கிற சத்தம் இருக்கிறது, மென்பொருளுக்குத் தெரியவில்லை. நான் சும்மா பட்டனை அழுத்தி அழுத்திப் பார்க்கவில்லை, அணைத்து இரண்டு மணி நேரம் விட்டேன். திரும்ப ஆன் செய்தபோது வந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் மாணவிக்கு ஃபோன் செய்து நிலைமையைச் சொன்னேன், பேச்சோடு பேச்சாக ஒரு கேள்வியும் கேட்டேன்: பதிவு செய்யும் கருவியில் இருக்கும் மெமரி கார்டு என்ன ஆயிற்று?

ஒவ்வொரு களப்பணி முடிந்ததும் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, அடுத்த ஊருக்குப் போகும் முன் கார்டை ஃபார்மேட் செய்துவிடுவேன் என்றார். அப்படியானால் கடைசியாகப் போன ஊரின் பதிவுகள் கார்டில் இருக்குமே என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "முந்தாநாள் ஒரு ஊருக்குப் போனேன்ணே, போறதுக்கு முன்னால அழிச்சுட்டேன்" என்றார். இதை முதல் நாள், அவர் டிஸ்க்கை மேசையில் வைத்த நிமிடத்திலேயே நான் கேட்டிருக்க வேண்டும். டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்தக் கோப்புகள் எங்கிருந்து டிஸ்க்குக்கு வந்தன என்று கேட்கத் தோன்றவில்லை.

ஏழாம் நாள் காலை பாக்கி 418 எம்பி. முந்தின 24 மணி நேரத்தில் கிடைத்தது 3 எம்பி. எழுதி வைத்த நிபந்தனைப்படி நிறுத்தினோம்.

நகலிலிருந்து கோப்புகள்

நகலை அப்படியே ஒரு இடத்தில் வைத்துவிட்டு, அதற்கு இன்னொரு நகல் எடுத்து அதில் வேலை செய்தேன். டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள் கொண்டு பார்த்ததில் பகிர்வின் (விண்டோஸ் ஒரு டிரைவாகக் காட்டும் பகுதியின்) தொடக்க செக்டர் படிக்க முடியாத நிலையில் இருந்தது. ஃபார்மேட் செய்யச் சொல்லி வந்த செய்திக்கு இதுதான் காரணம். விண்டோஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் என்டிஎஃப்எஸ் அமைப்பில் இந்தத் தொடக்க செக்டருக்குப் பகிர்வின் கடைசியில் ஒரு நகல் இருக்கும், அதிலிருந்து திருப்பி எழுதியதும் ஃபோல்டர்கள் வந்தன. ஒரே ஒரு செக்டர். அதற்குப் பயந்து யாராவது ஃபார்மேட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

143 பதிவுகளில் 112 அவற்றின் பெயரோடு, ஃபோல்டரோடு கிடைத்தன. சரிசெய்கிறேன் என்று விண்டோஸ் தள்ளி வைத்த மறைவான ஒரு ஃபோல்டரில் எண் போட்ட பெயர்களோடு சில துண்டுகள் இருந்தன, அவற்றில் உருப்படியாக ஒன்றும் தேறவில்லை. மீதி 31ஐத் தேட போட்டோரெக் என்ற இன்னொரு மீட்பு மென்பொருளை ஓட்டினேன். அது பட்டியலையே பார்க்காது, டிஸ்க்கைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டே போய், ஒலிக்கோப்பின் தலைப்பு போல் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து கோப்பை வெட்டி எடுக்கும். ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பு இதற்கு ரொம்ப ஒத்துழைக்கும், ஏனென்றால் அதன் முதல் சில பைட்டுகளிலேயே தான் எவ்வளவு நீளம் என்று எழுதியிருக்கும். கோப்பு துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தால் மட்டும் இந்த வழி உதவாது. கார்டிலிருந்து ஒரே மூச்சில் மாற்றிய பெரிய கோப்புகள் என்பதால் பெரும்பாலும் சிதறாமல் தொடர்ச்சியாகவே கிடந்தன. 27 கிடைத்தன. நான்கு இல்லை.

பெயரில்லாத 27 பதிவுகள்

போட்டோரெக் எடுத்துக் கொடுக்கும் கோப்புக்குப் பெயர் இருக்காது, எண்தான். 27 கோப்பு, எது யார் பாடியது, எந்த ஊர் என்று ஒன்றும் தெரியாது. ஆய்வுக்கு அது தெரியாவிட்டால் பதிவு பாதிதான்.

அவருடைய ஒலிப்பதிவுக் கருவி எழுதுவது சாதாரண வேவ் இல்லை, ஒலிபரப்புக்காரர்களின் விரிவுபடுத்திய வடிவம். அதில் கோப்பின் உள்ளேயே, ஒலி தொடங்குவதற்கு முன்னால், பதிவான தேதியும் நேரமும் எழுத்தாக இருக்கும். கோப்பின் பெயர் போனாலும், ஃபோல்டர் போனாலும், அது போகாது. ஒரு கோப்பைத் திறந்து பைட் பைட்டாகப் பார்த்தபோது புரியாத குறிகளின் நடுவே வருடம், மாதம், நாள், பக்கத்தில் மணி, நிமிடம், நொடி என்று வரிசையாக நின்றது. உடனே மாணவியை அவர் களக்குறிப்பு நோட்டுகளோடு வரச் சொன்னேன்.

நான்கு நோட்டு. நீல மையில், தேதி போட்டு, எந்த ஊர், யார் வீட்டுத் திண்ணை, எத்தனை மணிக்கு ஆரம்பித்தோம் என்று பத்தி பத்தியாக எழுதியிருந்தார். நான் திரையில் தேதியைச் சொல்ல, அவர் நோட்டில் விரலை ஓட்டிப் பெயரைச் சொன்னார். ஒரு மதியத்தில் 22 கோப்புக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மீதி ஐந்தில் தேதி அபத்தமாக இருந்தது, பேட்டரி தீர்ந்து கருவியின் கடிகாரம் தொடக்கத்துக்குப் போயிருந்த சமயத்தில் எடுத்தவை. அந்த ஐந்தையும் உட்கார்ந்து கேட்டோம். ஒன்றில் பின்னால் பள்ளிக்கூட மணி அடித்தது. இன்னொன்றில் ஒப்பாரி பாடும் அம்மா நடுவில் நிறுத்தி, "ஏ பிள்ள, அந்த ஆட்டப் பத்து" என்று யாரையோ அதட்டினார். மாணவி சட்டென்று நிமிர்ந்து, இவங்க போன தை மாசம் தவறிட்டாங்க என்று சொல்லிவிட்டு அழுதார். நாங்கள் கொஞ்ச நேரம் அப்படியே விட்டோம்.

அந்த 418 எம்பி எந்தெந்தக் கோப்பில் விழுந்தது என்று கண்டுபிடிப்பதும் முக்கியம், இல்லாவிட்டால் கிடைத்ததில் எது முழுசு, எது ஓட்டை என்று சொல்ல முடியாது. டிடிரெஸ்க்யூவில் ஒரு வசதி இருக்கிறது: படிக்க முடியாமல்போன இடங்களில் மட்டும் நாம் கொடுக்கும் ஒரு குறிச்சொல்லை நிரப்பச் சொல்லலாம். வேலை நகலில் அப்படி நிரப்பி, கோப்புகளுக்குள் அந்தச் சொல்லைத் தேடினேன். 17 பதிவுகளில் இருந்தது. கொடுக்கப்போகும் கோப்புகளை மட்டும் குறிச்சொல் இல்லாத முதல் நகலிலிருந்தே எடுத்தேன், அதில் படிக்காத இடம் வெறும் பூஜ்யமாக இருக்கும், காதில் மௌனமாகத்தான் விழும்.

எவ்வளவு மௌனம்? இந்த டிஸ்க்கின் தட்டில் ஒரு செக்டர் 4,096 பைட். இந்தப் பதிவுகளில் ஒரு நொடிக்கு 1,76,400 பைட். ஆக ஒரு செக்டர் போனால் ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளி, அவ்வளவுதான். 17ல் 16 பதிவுகளில் இழப்பு ஒரு நொடிக்கும் கீழே. ஒன்றில் மட்டும் நாற்பது நொடி தொடர்ச்சியாகப் போயிருந்தது.

இதே ஒரு செக்டர் வேர்டு கோப்பில் போனால் கதை வேறு. இப்போதைய வேர்டு கோப்பு உண்மையில் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் மூட்டை, நடுவில் ஒரு இடம் போனால் அதற்குப் பின்னால் உள்ளது அவிழாது. பாடல்களை எழுத்தில் பெயர்த்து வைத்திருந்த 212 கோப்புகளில் மூன்று இப்படி உடைந்தன. இரண்டில் மூட்டையைப் பிரித்து, உடைந்த இடம் வரையிலான எழுத்தை எடுக்க முடிந்தது. மூன்றாவதில் ஒன்றும் வரவில்லை, ஆனால் ஒலி இருக்கிறது, திரும்பக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். எம்ஃபில் காலத்தில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த சில பழைய கோப்புகள் பெயரில்லாமல் கிடைத்தன. நடவு என்று யுனிகோடில் தேடினால் அவை சிக்கவே இல்லை, கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குவியல்தானே. எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றிய பிறகே தேட முடிந்தது.

விளைவு

டிஸ்க்கில் கிடைக்காத நான்கு பதிவுகளில் மூன்று, லேப்டாப் போவதற்கு முன் கடைசியாகப் போன ஊரில் எடுத்தவை. அதாவது அந்த வாரம்வரை மெமரி கார்டில் இருந்தவை. கார்டை வாங்கி அதற்கும் முழு நகல் எடுத்துத் தேடினேன். ஃபார்மேட் செய்தது மட்டும் என்றால் பெரும்பாலும் திரும்பியிருக்கும், ஆனால் அதற்கு மேல் இரண்டு மணி நேரப் புதுப் பதிவு ஏறியிருந்தது. மூன்றில் ஒன்று முழுதாகக் கிடைத்தது.

ஆக 143ல் 140. இழந்த மூன்றில் இரண்டைப் பாடிய அம்மா நல்லபடியாக இருக்கிறார், செப்டம்பரில் போய்த் திரும்பப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார் மாணவி. முன்னால் பாடியது மாதிரியே இல்லை, நான்கு அடி கூடுதலாகவும் சில அடி விட்டும் பாடினாராம். அதையே ஆய்வேட்டில் ஒரு குறிப்பாகச் சேர்த்திருக்கிறார். மூன்றாவது, நான்கு பெண்கள் சேர்ந்து பாடிய நடவுப் பாட்டு. அவர்களில் ஒருவர் இப்போது இல்லை. அது திரும்பாது.

கோப்புகளை இரண்டு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தேன். என்னிடம் இருந்த நகல்களை ஒரு மாதம் வைத்திருந்து, அவர் எல்லாவற்றையும் திறந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அவர் முன்னாலேயே அழித்தேன். அவை அவர் குரல்கூட இல்லை, நம்பிப் பாடிக் கொடுத்த வேறு பெண்களின் குரல்.

லேப்டாப்பை அப்புறம் பார்த்தேன். 19 வோல்ட் வரும் வழியில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் ஷார்ட். அதை மாற்றியதும் ஆன் ஆகிவிட்டது. போர்டை மாற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பழைய டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன்.

இனி மாற்றிச் செய்வது

கார்டு விஷயத்தை மேலேயே எழுதிவிட்டேன். இப்போது யார் டிஸ்க் கொண்டுவந்தாலும் கவரைப் பிரிப்பதற்கு முன் கேட்கிறேன்: இந்தக் கோப்புகள் எங்கே பிறந்தன, கேமராவா, ஃபோனா, கார்டா, மெயிலா, யாருக்காவது வாட்ஸ்ஆப்பில் அனுப்பினீர்களா? அந்த இடத்தை வேலை முடியும்வரை தொடாதீர்கள் என்று அங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு திருமண ஸ்டுடியோக்காரர் வேலையில் டிஸ்க்கைத் தொடாமலேயே பாதிப் படம் கார்டிலிருந்து கிடைத்தது.

இரண்டாவது, செத்த லேப்டாப் என்று வந்தால் கடைசி ஒரு மாதம் எப்படி ஓடியது என்று கேட்கிறேன். மெதுவாயிற்று, ஃபோல்டரைத் திறந்தால் நின்றது என்று சொன்னால், போர்டு எவ்வளவு தெளிவாகச் செத்திருந்தாலும் டிஸ்க்கும் நோயாளி என்றே எடுத்துக்கொள்கிறேன். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும் என்று ஸ்மார்ட் எண்களைப் பார்க்காமல் இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

மூன்றாவது ஒரு சந்தேகம்தான், முடிவு இல்லை. நான்காம் நாள் டிஸ்க் மயங்கியபோது லேபுக்கு அனுப்பியிருக்க வேண்டுமோ என்று இன்னும் யோசிக்கிறேன். அந்த நேரத்தில் 640 எம்பிதான் பாக்கி, தொடர்ந்ததில் மேலும் 222 எம்பி கிடைத்தது. ஆனால் திரும்ப ஆன் செய்தபோது அது எழாமல் போயிருக்கவும் கூடும். அடுத்த முறை அப்படி நடந்தால் உரிமையாளரிடம் கேட்காமல் ஆன் செய்ய மாட்டேன். அன்று நான் ஃபோனில் நிலைமையைச் சொன்னேனே தவிர, தொடரவா நிறுத்தவா என்று கேட்கவில்லை. கையெழுத்து வாங்கும் தாளில் இப்போது அதற்கும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.